புழுதி நிலமும் இரண்டு நாவல்களும்

ஒரு நாவல் பெரும்புகழ் பெற்றுவிடுமானால், அது எந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுந்ததோ அந்த நிகழ்ச்சிக்கே சான்றாகவும் ஆகிவிடுகிறது. பிறகு வரலாற்றைத் தேடுவாரும் அந்நாவலையே புரட்டுவர். அது சொல்லாமல் விட்டதை இல்லாதது என்றே கொள்வர். அமெரிக்க நாட்டில் 1930ஆம் ஆண்டுகளில் நீண்ட வறட்சியாலும் புழுதிப் புயலாலும் விளைநிலம் பாழான கதைக்கு நேர்ந்தது இதுவே. அக்கதை என்றவுடன் கற்றவர் நினைவில் எழுவது ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் நாவல். 1939இல் வெளிவந்து, 1940இல் புலிட்சர் பரிசு பெற்றது அது. ஆசிரியர் 1962இல் நோபெல் பரிசு பெற்றபோதும் பலரும் முதலில் எண்ணியது இந்நாவலையே. அதன் உயர்வில் ஐயமில்லை. ஆனால் புழுதி நிலத்தின் கதையை அது சொல்கிறதா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை காண முற்படுவார், அறுபத்தைந்து ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்த மற்றொரு நாவலையும் உடன்வைத்துப் படிக்க வேண்டியவராகின்றனர்.

முதலில் இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'டஸ்ட் பவுல்', அதாவது புழுதிக் கிண்ணம், என்று பெயர் பெற்ற நிலம் ஐந்து மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் மேட்டுச் சமவெளி. கொலராடோவின் தென்கிழக்கு, கான்சாஸின் தென்மேற்கு, நியூ மெக்சிகோவின் வடகிழக்கு, ஓக்லஹோமா, டெக்ஸாஸ் ஆகிய இரண்டின் வாணலிப் பிடி போல் நீண்ட பகுதிகள் ஆகியவை அதில் அடங்கும். பரப்பு ஏறத்தாழ 10 கோடி ஏக்கர். ஆண்டுக்கு 20 அங்குல மழையே அரிது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பகலை இரவாக்கிய கரும்புயல் ஒன்று அந்நிலத்தின் மேல் உருண்டு சென்றது. அதனைக் கண்டு எழுதிய ராபர்ட் கைகர் என்ற செய்தியாளரின் கட்டுரை மூலமே அப்பெயர் நிலைத்தது.

ஸ்டைன்பெக்கின் ஜோட் குடும்பமோ சாலிசா என்னும் ஊரைச் சேர்ந்தது. சாலிசா ஓக்லஹோமாவின் கிழக்குக் கோடியில், அர்கன்சா மாநிலத்தை ஒட்டி இருப்பது. ஆண்டுக்கு 40 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும் ஊர். புழுதிக் கிண்ணத்தின் கீழ்க்கோடியிலிருந்தே அதற்கு ஏறத்தாழ 300 மைல். அங்கும் அவ்வாண்டுகளில் வறட்சி வாட்டியது உண்மை. ஆயினும் நிலமே பெயர்ந்து வானேறிய இடம் அதுவன்று. ஊரைத் தவறாகக் குறித்தார் என்பதற்காக ஒரு நாவலாசிரியரைக் குற்றம் சாட்டுவது சிறுமை. கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் இங்கே பிழை ஊர்ப்பெயரளவில் நிற்கவில்லை. நாவலின் உள்ளமைப்பிலேயே அது இரண்டு கதைகளாகப் பிரிந்து நிற்கிறது.

முதல் அதிகாரத்தைக் காண்க. அதில் பெயருள்ள மாந்தர் ஒருவரும் இல்லை. மழை நிற்கிறது. மண் வெளுக்கிறது. மக்காச்சோளம் வாடுகிறது. காற்று எழுந்து, புழுதி வானை மூடி, பின் மெல்ல இறங்கிப் பயிர் மீதும் வேலி மீதும் கூரை மீதும் படிகிறது. பெண்கள் தம் ஆடவரின் முகத்தைப் பார்த்து நிற்கின்றனர். மனம் உடைந்துவிட்டதா இல்லையா என்று அறிவதற்காக. வேதநூலின் நடையை நினைவூட்டும் அந்தச் சில பக்கங்களை இலக்கியம் அறிந்தவர் எவரும் மறவார். ஆனால் ஐந்தாம் அதிகாரம் வந்ததும் கதையின் பகைவன் மாறிவிடுகிறான். அங்கே குத்தகை உழவனை விரட்டுவது வறட்சியன்று. வங்கியும், வங்கி அனுப்பிய டிராக்டரும். பயிரும் பருத்தியாகிவிடுகிறது. ஓட்டுபவன் கூலிக்கு வந்தவன். அவனுக்கு அந்த மண்ணோடு உறவில்லை. டிராக்டர் நேர்கோட்டில் சென்று வீட்டின் மூலையை இடித்துத் தள்ளுகிறது. இதன் பின்னர் புழுதிக்கு நாவலில் வேலையே இல்லை. குடும்பம் 66ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறது.

இதுவும் உண்மைதான். கிழக்கு ஓக்லஹோமாவின் பருத்தி நிலங்களில் நிகழ்ந்தது இதுவே. 1933இல் வந்த வேளாண்மைச் சட்டம், விளைச்சலைக் குறைப்போர்க்கு அரசு பணம் தரும் என்றது. பணம் நில உடைமையாளர் கைக்குச் சென்றது. பலர் அதைக்கொண்டு டிராக்டர் வாங்கிக் குத்தகையாளரை வெளியேற்றினர். விலை வீழ்ச்சி, சட்டம், இயந்திரம் ஆகிய மூன்றும் சேர்ந்து துரத்திய அந்த மக்களே பெருந்திரளாகக் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். ஜேம்ஸ் கிரெகரி என்ற வரலாற்றாசிரியர் 1989இல் வெளியிட்ட நூலில், அவ்வாறு சென்றவர்களுள் புழுதிக் கிண்ணத்தைச் சேர்ந்தவர் மிகச் சிறு பகுதியினரே என்று காட்டியுள்ளார். எனவே ஸ்டைன்பெக் பருத்தி நிலத்து மக்களின் கதைக்குக் கோதுமை நிலத்துப் புழுதியை முகப்பாக வைத்தார் எனலாம். அந்த முகப்பின் அழகில் உலகம் மயங்கிற்று. புழுதிதான் ஜோட் குடும்பத்தைத் துரத்தியது என்று நாவலைப் படித்தவர் சொல்வதும் உண்டு. படிக்காதவர் சொல்வது அதனினும் மிகுதி.

கோதுமை நிலத்தின் உண்மைக் கதை என்ன? அங்கே மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தது எருமைப்புல் என்னும் குறும்புல். வறட்சி அந்நிலத்துக்குப் புதிதன்று. மழை பொய்த்த காலங்களிலும் புல்லின் வேர் மண்ணை விடவில்லை. உழுத இடத்துக்கு மழை பின்தொடரும் என்ற பொய்யான நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு குடியேறுவோர்க்கு ஊட்டப்பட்டது. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஒரு புஷலுக்கு இரண்டு டாலருக்கு மேல் ஏறியது. டிராக்டரும் தட்டுக் கலப்பையும் வந்தன. பல இலட்சம் ஏக்கர் புல்வெளி சில ஆண்டுகளில் கிழிக்கப்பட்டது. ஊரில் குடியிராமல், பெட்டியோடு வந்து விதைத்துவிட்டுப் போகும் உழவரும் தோன்றினர். 'பெட்டி உழவர்' என்றே அவர்களுக்குப் பெயர். 1931இல் விளைச்சல் குவிந்தது. விலை அரை டாலருக்கும் கீழே விழுந்தது. இழப்பை ஈடுகட்ட மேலும் உழுதனர். அதன்பின் மழை நின்றது. புல்லும் இல்லை, பயிரும் இல்லை. அந்நிலத்தில் எப்போதும் ஓயாத காற்று மட்டும் இருந்தது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி நியூயார்க்கை மறைத்து, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்கள் மீதும் படிந்தது.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதைத் தமிழ் இலக்கியம் பயில்வோர் அறிவர். முல்லையும் குறிஞ்சியும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு கெட்டு மாறும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்கும். அவ்விடத்தில் இளங்கோவடிகள் வைக்கும் உவமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரசனும் அவன் அதிகாரிகளும் நெறி பிறழ்ந்ததால் சீரழிந்த நாட்டை அவர் உவமையாகக் காட்டுகிறார். கதிரவன் செய்த கேட்டைச் சொல்லப் புகுந்த இடத்தில் மாந்தர் செய்த கேடு வந்து நிற்கிறது. மேட்டுச் சமவெளியில் இவ்விரண்டும் உவமையும் பொருளுமாகப் பிரிந்து நிற்கவில்லை, ஒன்றாகவே நிகழ்ந்தன. அங்கே நெறி பிறழ்ந்தவருள் அரசும் வணிகரும் மட்டுமல்லர், உழவனும் உண்டு. ஸ்டைன்பெக்கின் உழவன் குற்றமற்றவன். டிராக்டர் அவனுடைய எதிரி. சமவெளி உழவனுக்கோ டிராக்டர் அவனே கடன்பட்டு வாங்கிய பெருமை. தன் கையால் கிழித்த நிலம் தன் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதைக் கண்டவனின் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் இவ்வினாவுக்கு இடமே இல்லை. அதன் பெருங்குறை இதுதான். ஊர் மாறியது அக்குறையின் வெளி அடையாளம் மட்டுமே.

அந்நாவல் வந்த அதே 1939இல் மற்றொரு நாவலும் முடிவை நெருங்கியிருந்தது. எழுதியவர் சனோரா பாப் என்னும் பெண்மணி. 1907இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். சிறுவயதில் கொலராடோவின் தென்கிழக்கு மூலையில், மண்ணைத் தோண்டிக் கூரையிட்ட குழிவீட்டில், மழையை நம்பித் துடைப்பச் சோளம் பயிரிட்ட குடும்பத்தில் வளர்ந்தவர். அவ்வாழ்க்கையைப் பின்னர் 1970இல் 'ஆன் அவுல் ஆன் எவ்ரி போஸ்ட்' என்ற நினைவு நூலில் அழகுற எழுதினார். ஸ்டைன்பெக் கலிபோர்னியாவில் பிறந்து, வந்து சேர்ந்தவர்களை அங்கே கண்டவர். பாப், அவர்கள் புறப்பட்ட மண்ணிலிருந்தே புறப்பட்டவர். இந்த வேறுபாடு இரு நூல்களின் பக்கந்தோறும் தெரியும்.

1938இல் பாப் கலிபோர்னியாவில் அரசின் வேளாண் பாதுகாப்பு நிறுவனத்தில் பணி ஏற்று, டாம் காலின்ஸ் என்ற முகாம் மேலாளருடன் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்தித்து வந்தார். இரவில் குறிப்பெழுதினார். காலின்ஸ் ஸ்டைன்பெக்குக்கும் நண்பர். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' காணிக்கை செய்யப்பட்ட இருவருள் ஒருவர். காலின்ஸ் கேட்டதன்பேரில் தம் குறிப்புகள் ஸ்டைன்பெக்குக்குக் கொடுக்கப்பட்டன என்று பாப் பின்னாளில் கூறினார். அவற்றை ஸ்டைன்பெக் எவ்வளவு பயன்படுத்தினார் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். அவ்வழக்கை இங்கே விசாரிக்க வேண்டியதில்லை. ஐயத்துக்கு இடமற்ற செய்தி வேறொன்று உண்டு. பாப்பின் நாவலை வெளியிட ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் முன்வந்திருந்தது. 1939 ஏப்ரலில் ஸ்டைன்பெக்கின் நாவல் வெளிவந்து அவ்வாண்டில் மிகுதியாக விற்ற நூலானதும், அதே பொருளில் இன்னொரு நாவல் எடுபடாது என்று கருதிப் பதிப்பகம் பின்வாங்கியது. 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்', அதாவது 'பெயர் அறியப்படாதவர்கள்', என்ற அந்நாவல் 2004இல்தான் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் அச்சேறியது. ஆசிரியருக்கு அப்போது வயது 97. மறு ஆண்டின் இறுதி நாளில் அவர் மறைந்தார்.

அதே பொருள் என்று பதிப்பகம் கருதியது சரியா? இரண்டையும் படித்தவர் சரியன்று என்றே சொல்வர். ஸ்டைன்பெக்கின் நூலில் நிலம் புறப்படும் இடம். பாப்பின் நூலில் நிலம் வாழும் இடம். நாவலின் முதற்பாதி முழுவதும் ஓக்லஹோமாவின் அந்த வாணலிப்பிடி நிலத்திலேயே நிற்கிறது. மில்ட் டன், அவன் மனைவி ஜூலியா, இரண்டு பெண் குழந்தைகள், மில்ட்டின் முதிய தந்தை ஆகிய ஐவரும் நெருங்கி வாழும் ஒரு சிறு குடிலே களம். அவர்கள் உடனே ஓடிவிடவில்லை. ஓராண்டு பார்ப்போம், இன்னும் ஒரு பருவம் பார்ப்போம் என்று காத்திருக்கின்றனர். கடை பாக்கி வளர்கிறது. அண்டை அயலார் ஒருவர்க்கொருவர் தம் வறுமையை மறைத்துக்கொள்ளப் பார்க்கின்றனர். வறட்சி ஒரு நாளில் வந்து தாக்கும் பகையன்று, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகும் ஒன்று என்பதைப் பாப் அறிந்திருந்தார். அந்தக் காத்திருத்தலை எழுதுவது எளிதன்று. நிகழ்ச்சி குறைவாதலின் கதை நகராதது போலத் தோன்றும். ஆயினும் மழையை நம்பி உழுதவரின் வாழ்க்கை பெரும்பகுதியும் அதுவே.

நாவலின் சிறந்த பகுதி ஜூலியாவின் நாட்குறிப்பாக வரும் அதிகாரம். ஏப்ரல் மாதத்து நாட்கள் ஒவ்வொன்றாகத் தேதியிட்டு வருகின்றன. தம் தாய் புழுதிப் புயல்களைப் பற்றி எழுதியவற்றை வைத்தே பாப் இதை அமைத்தார். அதனால்தான் போலும், இதில் ஆசிரியரின் கை சிறிதும் தெரியவில்லை. குறுகிய வாக்கியங்கள். வருணனை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இன்று காற்று, இன்றும் காற்று, வீட்டு வேலை, புழுதி, மீண்டும் காற்று என்று அடுக்கிக்கொண்டே போகும்போது படிப்பவர்க்கே மூச்சு முட்டுகிறது. ஸ்டைன்பெக்கின் முதல் அதிகாரத்தில் புழுதி தொலைவிலிருந்து காணும் ஒரு மாபெரும் காட்சி. பாப்பிடம் அது தட்டிலும் தலையணையிலும் பிள்ளையின் மூக்கிலும் இருக்கிறது. அக்காலத்துச் சமவெளிப் பெண்கள் சன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டதும், உண்ணும் நேரம் வரையில் தட்டுகளைக் கவிழ்த்தே வைத்ததும் பல நூல்களில் காணும் செய்திகள். ஆனால் அவற்றைச் செய்தியாக அறிவது ஒன்று. அதே வேலையை மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்தவளின் சலிப்பை அறிவது மற்றொன்று. பாப்பின் அதிகாரம் பின்னதைத் தருகிறது.

இதனால் பாப் ஸ்டைன்பெக்கினும் பெரிய நாவலாசிரியர் என்று முடிவு கட்டுவது தவறு. அண்மைக் காலத்தில் சிலர் அவ்வாறு எழுதுகின்றனர். புறக்கணிக்கப்பட்டவர்க்கு நீதி செய்யும் ஆர்வத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. பாப்பின் நாவல் கலிபோர்னியாவுக்கு வந்த பிறகு தளர்கிறது. பழத்தோட்டம், பருத்திக்காடு, வேலைநிறுத்தம் என்று நிகழ்ச்சிகள் விரைகின்றன. மாந்தர் சில இடங்களில் சங்க மேடைப் பேச்சைப் பேசுகின்றனர். முதற்பாதியில் இருந்த பொறுமை அங்கே இல்லை. ஸ்டைன்பெக்கோ சாலையில்தான் தம் முழு ஆற்றலையும் காட்டுகிறார். பழைய கார் விற்பவர்களின் ஏமாற்றைச் சொல்லும் ஏழாம் அதிகாரம், சாலையைக் கடக்கும் ஆமையை மட்டுமே பேசும் மூன்றாம் அதிகாரம், குடும்பத்தின் கதையோடு நாட்டின் கதையை மாற்றி மாற்றிப் பின்னும் அமைப்பு ஆகியவற்றுக்கு ஈடாகப் பாப்பிடம் ஒன்றுமில்லை. ஜோட் குடும்பத்துத் தாயைப் போல் உயரமாக எழுந்து நிற்கும் பாத்திரமும் இல்லை. ஒன்று மட்டும் பாப்பின் பக்கம் சொல்லவேண்டும். கலிபோர்னியாவின் வயல்களில் வெள்ளையர் வருமுன்பே உழைத்து வந்த மெக்சிகரும் பிலிப்பினோக்களும் ஸ்டைன்பெக்கின் நாவலில் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றனர். பாப்பிடம் கறுப்பினத் தொழிலாளரும் குரல் பெறுகின்றனர்.

இரண்டு நாவல்களும் விட்டுவிட்ட ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் நிலத்தை விட்டுப் போகாதவர்கள். புழுதிக் கிண்ணத்து மக்களில் பெரும்பான்மையோர் அங்கேயே தங்கினர் என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்ட செய்தி. டன் குடும்பமும் ஈற்றில் புறப்பட்டுவிடுகிறது. போகாதவர்களின் குரலைக் கேட்க விரும்புவோர், நாவலை விட்டுக் கரோலின் ஹெண்டர்சன் எழுதிய கடிதங்களைத்தான் நாடவேண்டும். கல்லூரிப் படிப்பு முடித்து, 1907இல் ஓக்லஹோமாவின் அந்த வாணலிப்பிடி நிலத்தில் ஈவா என்ற ஊருக்கருகே தனியே நிலம் ஏற்று உழத் தொடங்கியவர் அவர். அவருடைய கடிதங்கள் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் வெளிவந்தன. 1935இல் வேளாண்மை அமைச்சர் ஹென்றி வாலஸுக்கும் நெடிய கடிதம் ஒன்று எழுதினார். உண்பதற்குப் புழுதி என்று பொருள்படும் தலைப்பில் அது அறியப்படுகிறது. தம்மைப் பேராசைக்காரர் என்று நகரத்தார் தூற்றுவதை அவர் ஏற்கவில்லை. தாம் ஏன் போகவில்லை என்பதற்கு அவர் கூறும் காரணங்களும் பெருமிதமானவை அல்ல. போய் என்ன செய்வது என்ற கேள்வியும் அவற்றுள் உண்டு. 1965 வரை அந்நிலத்திலேயே இருந்து, 1966இல் மறைந்தார்.

குற்றம் யாருடையது என்ற வினாவைக் கலை முற்றிலும் தவிர்த்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. பேர் லாரன்ட்ஸ் 1936இல் அரசுக்காக எடுத்த 'தி பிளவ் தட் புரோக் தி பிளெயின்ஸ்' என்ற செய்திப்படம், சமவெளியை உடைத்தது கலப்பையே என்று தலைப்பிலேயே கூறிவிட்டது. உழவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது என்று அதன்மேல் கண்டனமும் எழுந்தது. வரலாற்றாசிரியர்களும் ஒன்றுபடவில்லை. 1979ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரு நூல்கள் வெளிவந்தன. டொனால்ட் வொர்ஸ்டர், நிலத்தை வெறும் முதலாக எண்ணிய வணிக வேளாண்மையின் தோல்வி என்றார். பால் பானிஃபீல்ட், இயற்கையின் கொடுமையை எதிர்த்து நின்ற மக்களின் வெற்றி என்றார். வில்லியம் குரோனன் 1992இல் இவ்விரண்டையும் எடுத்துவைத்து, ஒரே சான்றுகளைக் கொண்டு இரு அறிஞர் எதிரெதிர் கதை சொல்வது எப்படி என்று ஆராய்ந்த கட்டுரை இலக்கியம் கற்பிப்போரும் படிக்கவேண்டிய ஒன்று. வரலாறே கதையின் வடிவத்துக்கு அடங்கிவிடுகிறது என்றால், ஒரு நாவலை மட்டும் அச்சிட்டு மற்றதைப் பெட்டியில் பூட்டிவைத்ததன் விளைவு எவ்வளவு என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

பாப்பின் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். குடியிருப்போரை வெளியேற்றும் சட்ட அறிவிப்பில், உண்மைப் பெயர் தெரியாதவர்களைக் குறிக்க எழுதும் தொடரிலிருந்து அவர் அதை எடுத்தார். பெயர் தெரியாதவர்க்காக எழுதிய அந்நூலே பெயர் தெரியாமல் கிடந்தது. அதன் ஆசிரியரைத் திரைப்பட ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹௌவின் மனைவி என்று மட்டுமே பலர் அறிந்திருந்தனர். சீனரான அவரை மணந்த மணத்தையும் 1948 வரை கலிபோர்னியச் சட்டம் ஏற்கவில்லை.

ஸ்டைன்பெக்கின் நாவல் வெளிவந்த நாள் 1939 ஏப்ரல் 14. கரும்புயல் அடித்து அன்றைக்குச் சரியாக நான்கு ஆண்டுகள். அந்நாவலின் முதல் அதிகாரத்தையும் பாப்பின் நாட்குறிப்பு அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படிப்பவர், இரு நூல்களின் வேறுபாட்டை அங்கேயே கண்டுகொள்வர். முன்னதில் காற்று ஓய்ந்ததும் ஆடவர் வாயிற்படியில் அமர்ந்து, குச்சியாலும் சிறு கல்லாலும் மண்ணில் எதையோ கீறியபடி மேலே செய்வது என்ன என்று எண்ணுகின்றனர். அதிகாரம் அங்கே முடிகிறது. பின்னதில் ஒரு நாளின் குறிப்பு முடிந்த இடத்தில் அடுத்த நாளின் தேதி இடப்பட்டிருக்கிறது.